வெள்ளைக் கேன் இருந்த மூலை

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

விடியுமுன் போனால் மத்தியானச் சோற்றுக்குக் கரையில் இருக்கிற மனுஷன் அவர். சின்ன ஃபைபர் போட். அதில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் ஏழுமலை, அவர் தங்கச்சி புருஷன் பாலு, பக்கத்துத் தெரு மதி. மத்தியானம் ஆனது, பொழுது சாய்ந்தது. கூடப் போன போட்டுகள் எல்லாம் வந்து, மீன் ஏலம் போய், வலையும் உதறிக் காயப் போட்டாகிவிட்டது. எங்கள் போட் மட்டும் வரவில்லை. நான் கரையில் கொட்டியிருந்த கருங்கல் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தெரிந்தன. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவின் பிள்ளைகளே, நம் அம்மன் வழிபாட்டு மன்றத்தில் எத்தனையோ பேர் எழுந்து நின்று அம்மா தங்களுக்குச் செய்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன், கண்ணைத் துடைத்துக்கொள்வேன், சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் நானே நின்று சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. என் பெயர் கஸ்தூரி. எண்ணூர் ரோட்டோரக் குப்பம். காசிமேட்டில் மீன் எடுத்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறேன். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாய் நிற்காது. இங்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் தை மாதத்திலிருந்து சொல்ல வேண்டும்.

தை மாதம் நம் விளக்குப் பூஜையில், பூஜை நடத்துகிற அக்கா எங்களைப் பார்த்து ஒன்று கேட்டார். "அம்மா வா, அம்மா வான்னு கூப்பிடுறீங்களே, வந்தா எங்க உக்கார வைப்பீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். ஒரே அறை. பீரோ, டிவி, கட்டில், அடுப்பு, என் மகள் சங்கீதாவின் காலேஜ் புத்தகம், ஐஸ் பெட்டி, ஓரத்தில் கிழிந்த வலை மூட்டை, தண்ணீர்க் குடங்கள். எங்கள் எல்லையம்மன் எங்கே இருந்தாள் தெரியுமா? ஃபிரிட்ஜ் மேல், ஒரு காலண்டர் படத்தில். அதுவும் ஒரு துண்டுக்குப் பின்னால்.

துண்டைத் தொங்கவிட்டது நான்தான். எங்கள் ஜனத்தில் நிறைய பெண்கள் இப்படிச் செய்வார்கள். காலையிலிருந்து மீனைத் தொட்ட கை, மேலெல்லாம் கவிச்சி, புடவையில் செதில் ஒட்டியிருக்கும். இந்த நாற்றத்தோடு அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? வெள்ளிக்கிழமை மீன் போகாது, மார்க்கெட்டுக்குப் போக மாட்டேன். அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டைக் கழுவிவிட்டு, துண்டை விலக்கி விளக்கேற்றுவேன். மற்ற நாளெல்லாம் அம்மா துண்டுக்குப் பின்னால். நான் மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

என் நாத்தனார் தேசம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள். பாலுவின் பெண்டாட்டி அவள். என் வயதுதான், வாய் என்னைவிட நீளம்.

"இன்னா அண்ணி இது, அம்மா மூக்குல துணி கட்டி வுட்டுக்கீற?"

"கவிச்சி வாடை ஆவாதுடி" என்றேன்.

"அய்ய! ஆடி மாசம் கூழு ஊத்தறோமே, கருவாட்டுக் கொயம்பு வச்சி அவளுக்குப் படைக்கிறோமே, அப்ப நாறாதது இப்ப நாறுதா? கருவாடு துன்ற சாமிகிட்ட போயி சென்ட் அடிச்சிக்கினு நிக்கிறாப்ல நீ!"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே துண்டை எடுத்தேன். ஃபிரிட்ஜ் மேல் எண்ணெய் பாட்டிலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் நின்ற அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தாயே, உனக்கு ஒரு இடம் பண்ணித் தருகிறேன், கொஞ்சம் பொறு என்று சொன்னேன். கிழக்குச் சுவர் மூலை. அதுதான் எங்கள் வீட்டிலேயே வெயில் படாத, குளிர்ச்சியான இடம்.

ஒரு மூலையைக் காலி பண்ணுவது ஒரு மணி நேர வேலை என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒன்றை எடுத்தால் அதை வைக்க இன்னொன்றை எடுக்க வேண்டும். முதலில் வலை மூட்டை போனது, அதுவும் என் வீட்டுக்காரரிடம் நாள் கணக்கில் மன்றாடி. அப்புறம் ஐஸ் பெட்டியை வாசலுக்குத் தள்ளினேன். அதை நாய் தள்ளிவிட்டு மீனைத் தின்றது, அதற்கொரு சண்டை. மாசியில் சுவரைச் சுரண்டினேன். வருஷக்கணக்கான செதிலும் புகையும் உரிந்து வந்தது. பங்குனியில் சுண்ணாம்பு அடித்தேன். உப்புக்காற்றில் அது பொரிந்து போனது. மறுபடி அடித்தேன். சித்திரையில் தேரடிப் பக்கம் போய் ஒரு மரப்பலகை வாங்கிவந்து போட்டேன். நல்ல சட்டம் போட்ட அம்மா படம் ஆடி முதல் வெள்ளிக்கிழமை வரட்டும், அதுவரை பலகை காலியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு அந்தக் காலிப் பலகைக்கு முன்னால் தினமும் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஆரம்பத்தில் ஒன்றும் வரவில்லை. வவ்வால் மீன் என்ன விலைக்குப் போனது, நாளைக்கு நெத்திலி எடுக்கலாமா, இதுதான் ஓடும். வாசலில் யாராவது "கஸ்தூரிக்கா, கவளை மீனு கீதா?" என்று கூப்பிடுவார்கள். எழுந்து போய்விடுவேன். போகப் போக எழுந்து போவது குறைந்தது. மார்க்கெட்டில் என் வாயும் குறைந்தது. பக்கத்துக் கடைக்காரியின் பரம்பரையையே இழுக்கிற ஆள் நான். அந்த வார்த்தைகளோடு வந்து பலகை முன்னால் உட்கார வெட்கமாக இருந்தது. மூலையைக் காலி பண்ணிய மாதிரி வாயையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி பண்ணினேன். முழுசாக இல்லை. முழுசாக ஆகியிருந்தால் இன்றைக்கு நான் விதவையாக இருந்திருப்பேன். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைசியாக அந்த மூலையில் ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தது. வெள்ளைக் கேன். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கேன். எங்கள் பக்கம் நிலத்துத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. லாரி வந்தால்தான் குடிதண்ணீர். லாரி வராத நாளுக்கென்று அந்தக் கேனில் எப்போதும் நிரப்பி வைத்திருப்போம். குளிர்ச்சியான இடம் என்பதால் அது அந்த மூலையில்தான் இருக்கும். நான் பலகையைப் போட்ட பிறகும், அதைக் கட்டிலுக்குப் பக்கம் தள்ளுவேன், என் வீட்டுக்காரர் கால் இடிக்கிறதென்று பலகைப் பக்கமே தள்ளுவார். நான் தள்ள, அவர் தள்ள, இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கடலுக்குப் போன அன்றைக்கு விடியுமுன் எழுந்து பார்க்கிறேன், கேன் பலகை மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"யோவ்! இன்னாய்யா இது? அம்மா ஒக்கார்ற எடத்துல கேனைத் தூக்கி வச்சிக்கீற?"

"வழியில கீதுமே. கால்ல பட்டு வுழுந்தேன்னா நீயா கடலுக்குப் போவ?"

"அத்த எத்து அந்தாண்ட வை."

"எந்தாண்ட? நீயே சொல்லு. வூடு முழுக்க உனுக்குதான் எடம். இத்த நான் எங்க வைக்கிறது? தலையில வச்சிக்கட்டா?"

"எங்கனா வை. போட்ல வேணும்னா வை. எத்துக்கினு போ. இந்த மூலையில இனிமே அது கண்ணுல பட்டுச்சி, ரோட்ல கொட்டிடுவேன்!"

அவர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினார். நான் விடவில்லை. வாசல் வரை வந்து கத்தினேன். பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் கரைப் பக்கம் போனார்.

எங்கள் ஜனத்தில் இது பெரிய தப்பு. கடலுக்குப் போகிறவனை வாசலில் நிறுத்தி எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். சண்டை என்றால், அது வந்த பிறகுதான். அவ்வளவு பெரிய சண்டைக்காரியான நானே அதுவரை ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மத்தியானம், அந்தச் சாயங்காலம்.

மறுநாள் நம் ஆட்கள் போட்டுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். அதிகாரிகளுக்குச் சொல்லியாயிற்று, அவர்களும் தேடினார்கள். அந்த நாட்களில் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நீரோட்டமோ தெற்கிலிருந்து வடக்கே. அதை எங்கள் ஆட்கள் தெண்டி என்பார்கள். என்ஜின் நின்றுபோன போட் இந்த இரண்டிலும் மாட்டினால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தேடிப் போனவர்கள் ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் போட்டை இழுத்துக் கட்டினார்கள்.

நான் என்ன சொல்லி வேண்டினேன் என்று கேட்காதீர்கள். வேண்டவில்லை, மிரட்டினேன். "தாயே, அவரைக் கொண்டாந்து விடு. இல்லாவிட்டால் உன் பலகையைக் கடலில் போட்டுவிடுவேன்" என்றேன். அப்புறம் கெஞ்சினேன். தீமிதிக்கிறேன், அலகு குத்திக்கொள்கிறேன், வாய்க்கு வந்ததெல்லாம் நேர்ந்துகொண்டேன். பேரம் பேசிப் பேசிப் பழகின வாய் அல்லவா. அங்கேயும் பேரம்தான் பேசியது.

நாள் போகப் போகச் சோறு இறங்கவில்லை. ஒன்று மட்டும் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. அவர் காதில் விழுந்த என் கடைசிக் குரல் அந்தக் கத்தல். பதினெட்டு வயதில் அவருக்குக் கழுத்தை நீட்டினேன். நல்லதாக எத்தனையோ பேசியிருக்கிறோம். எல்லாம் போய் "ரோட்ல கொட்டிடுவேன்" என்பதுதான் மிஞ்சியது.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா ஆறுதல் சொல்ல வந்தார். நல்ல மனசுதான், ஆனால் மனசில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாது.

"தப்பா நெனைக்காத கஸ்தூரி. போறவன வாசல்ல நிக்க வச்சி அந்தக் கத்து கத்துனியே. அதுவும் எதுக்கு? மீனு நாறுற வூட்ல சாமிக்கு எடம் பண்றேன்னு. அவ கேட்டாளா உன்கிட்ட? ஃபிரிட்ஜு மேல கம்னு இருந்தவள எறக்கி வச்சி இன்னா ஆச்சி பாத்தியா?"

தேசம்மா பக்கத்தில்தான் இருந்தாள். வழக்கமான தேசம்மாவாக இருந்தால் அந்த அக்காவை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் அந்தப் போட்டில்தானே. அவளும் அப்படித்தான் நினைக்கிறாளோ? என் கத்தலில் அவள் தாலியும் போகிறதோ?

அடுத்த நாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே பேசினார்கள்.

"அம்மாடி, தேடறத நாங்க நிறுத்தல. ஆனா குடிக்கத் தண்ணி இல்லாம இந்த வெயில்ல எம்மா நாளு தாங்கும்? போட்ல ரெண்டு பாட்டிலுதான் எத்துக்கினு போவாங்க. உனுக்குத் தெரியாதது இல்ல. மனச தயார் பண்ணிக்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வுட்டுரு."

சொந்தக்காரர்களுக்குச் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் மகள் சங்கீதா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "எங்க நைனா வந்துருவாரு, நீங்க போங்க" என்று கத்தினாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். என் பிள்ளை என் மடியில் விழுந்து அழுதாள். அழுது முடிக்கும்வரை அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவளைத் தேசம்மாவோடு கரைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அந்தக் கேன் அவர் தோளில் போனதை நானே என் கண்ணால் பார்த்தவள். அதில் தண்ணீர் இருந்தது எனக்கு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. தண்ணீர் இல்லாமல் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது.

நேராக அந்த மூலைக்குப் போனேன். பலகையை இரண்டு கையாலும் தூக்கினேன். உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். தையிலிருந்து ஆனி வரை உனக்காக ஒவ்வொன்றாகத் தள்ளினேனே, கடைசியில் என் புருஷனையும் தள்ளிவிட்டாயே என்று சத்தம் போட்டு அழுதேன். பலகையை ஓங்கினேன். எதிரில் சுவர் இருந்தது. நான் சுரண்டி, நானே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்த சுவர். அந்த மூலையில் பலகையும் இல்லாமல், கேனும் இல்லாமல், ஒன்றும் இல்லை. என் வீட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை தானாக இறங்கியது. பலகையைப் போட்டேன். உட்கார்ந்தேன். குளிக்கவில்லை. கட்டிய புடவையை எத்தனை நாளாகவோ மாற்றவில்லை. விளக்கில் எண்ணெய் இல்லை. நேர்ந்துகொள்ள என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

"தாயே, நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவர் வந்தாலும், வராவிட்டாலும்..." பலகையின் தூசியை முந்தானையால் துடைத்தேன். பிறகு சொன்னேன். "இந்த இடம் உன்னுடையது. இதில் நான் வேறு எதையும் வைக்க மாட்டேன். நான் இங்கேதான் இருப்பேன்."

அவ்வளவுதான் என் வேண்டுதல். அருள் வரவில்லை, மணி அடிக்கவில்லை, ஒரு பூகூட விழவில்லை. மனசு லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். நெஞ்சு பாறாங்கல்லாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தேசம்மா வந்தாள். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கரையிலிருந்து வந்த காலோடு, மணலோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"நான் ஒன்ன ஒண்ணும் நெனைக்கல அண்ணி" என்றாள். "வாயத் தொறந்தா அயுகை வந்துரும்னுதான் கம்னு இருந்தேன்."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்புறம் அழுகையும் நின்று, சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த நாள் அப்படியே போனது. ஒரு செய்தியும் வரவில்லை.

மறுநாளும் காலையில் எழுந்ததும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறிய நேரம். சங்கீதாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். யாரோ தெலுங்கில் பேசுகிறார்கள். அவளுக்குப் புரியவில்லை, என்னிடம் நீட்டினாள். மார்க்கெட்டில் பழகியதில் எனக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும். அந்த ஆள் கேட்டார், மெட்ராஸ் போட்டா, ஏழுமலை என்று ஆள் உண்டா என்று. உண்டு, உண்டு என்று நான் கத்தினேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். அப்புறம் ஒரு குரல். உடைந்து, கரகரவென்று, யாருடைய குரலோ போல இருந்தது.

"கஸ்தூரி... நாங்க கீறோம்மே. மூணு பேரும் கீறோம்."

போன் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. தேசம்மா அதைப் பொறுக்கி, "எங்க ஆளு? எங்க ஆளு கீதா? பேசச் சொல்லு!" என்று கத்துகிறாள். பாலுவின் குரல் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பலகையின் மேல் தலையை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. வெளியே குப்பமே கூடிவிட்டது. மல்லிகா அக்கா வாசலில் நின்று என்னைவிடப் பெரிய குரலில் அழுதுகொண்டிருந்தார்.

நெல்லூருக்கு நேராக, கரையிலிருந்து வெகு தூரத்தில், ஆந்திரா ஆட்களின் விசைப்படகு ஒன்று அவர்களைப் பார்த்திருக்கிறது. ஏற்றிக்கொண்டு போய், கஞ்சி கொடுத்து, கரை சேர்த்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான்கள் யார் எவர் என்று நான் பார்த்தது இல்லை. அவர்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரிய வேண்டும்.

அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து சில நாள் கழித்து அனுப்பினார்கள். ரோட்டில் வேன் வந்து நின்றது. முதலில் மதி இறங்கினான். அவன் அம்மா ஓடிப் போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பாலு. கடைசியில் என் வீட்டுக்காரர். முகமெல்லாம் தோல் உரிந்து, உதடு வெடித்து, பாதி ஆளாக இருந்தார். கையில் என்னவோ இருந்தது. கிட்டே வந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளைக் கேன்.

என் முன்னால் வந்து நின்று அதை நீட்டினார்.

"இந்தா ஒன் கேனு. இப்பவாச்சும் சொல்லுமே, இத்த எங்க வைக்கிறது?"

நான் கேனையே பார்த்தேன். பாலுதான் சொன்னார். கூட்டம் முழுக்க நின்று கேட்டது.

"அக்கா, போட்ட தள்ளும்போதே நான் சொன்னேன், இம்மாம் வெயிட்டு எதுக்கு, கொட்டிடலாம்னு. மூடியக்கூடத் தொறந்துட்டேன். மச்சான்தான் கையப் புட்சிக்கினாரு. வாணாம்டா, கேனு எங்க, தண்ணி எங்கன்னு அவ என் உயிர எத்துடுவா, கெடக்கட்டும்னாரு. என்ஜின் மூச்சி வுட்ட அன்னிக்கே பாட்டிலு ரெண்டும் காலி. அதுக்கப்புறம் எங்க மூணு பேத்துக்கும் அந்தக் கேனுதான். மூடியில ஊத்தி ஊத்தி வாய நனைச்சிக்கினோம். கடேசி மூடிய மதிக்குக் குடுத்துட்டு, இனிமே அவ்ளோதான்னு படுத்துட்டோம். அப்பதான் அந்த போட்டு வந்துச்சி."

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அந்தக் கேனை வாங்கினேன். காற்றுப் போல இருந்தது, ஒரு சொட்டு இல்லை. நான் அம்மாவுக்கு இடம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மூலையைக் காலி பண்ணப் பண்ண, அவள் அந்த மூலையிலிருந்தே என் புருஷனுக்குத் தண்ணீர் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கோபத்தைக்கூட அவள் வீணாக்கவில்லை. வாய் முழுசாகக் காலியாகியிருந்தால் அன்றைக்கு அந்தக் கத்து கத்தியிருக்க மாட்டேன். அவரும் கேனை எடுத்துப் போயிருக்க மாட்டார். எனக்குப் பயந்து கொட்டாமல் வைத்திருக்கவும் மாட்டார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை சட்டம் போட்ட அம்மா படம் வந்தது. பலகை மேல் வைத்தோம். கேனை எங்கே வைத்தேன் என்று கேட்பீர்கள். வேறு எதையும் இங்கே வைக்க மாட்டேன் என்று சொன்னவள்தான் நான். ஆனாலும் பலகைக்குப் பக்கத்திலேயே வைத்தேன், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து. தேசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கேனுக்குப் பொட்டு வச்ச மொத வூடு ஒன் வூடுதான் அண்ணி!" லாரி வந்தால் முதல் குடம் அந்தக் கேனுக்குத்தான் போகிறது. எங்கள் தெருவில் இப்போது ஒவ்வொரு போட்டிலும் ஒரு பெரிய கேன் போகிறது. பாரம் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்தில் திரும்பி வராத போட்டுகளும் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் என்னைவிடக் குறைவாகக் கும்பிட்டவர்கள் இல்லை. எனக்கு வந்தது அவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பேச ஒன்றும் இருக்காது. மூலை முன்னால் உட்கார்ந்து பழகியதால் பேசாமல் உட்கார எனக்கு இப்போது தெரிகிறது.

இப்போது மார்க்கெட்டிலிருந்து வந்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் அந்த மூலையில் நிற்கிறேன். செதில் ஒட்டிய கையோடுதான். என் அம்மா முகத்தைச் சுளித்ததில்லை.

உங்கள் வீடு என் வீட்டைவிடச் சின்னதாக இருக்கலாம். உங்கள் நாளில் மூச்சு விட நேரம் இல்லாமல் இருக்கலாம். சுத்தமான பிறகு, கஷ்டமெல்லாம் தீர்ந்த பிறகு கூப்பிடலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்குப் போய் ஒரே ஒரு பொருளை எடுத்து நகர்த்துங்கள். நாளைக்கு இன்னொன்று. அவசரப்பட வேண்டாம், அவள் காத்திருப்பாள். நான் சட்டம் போட்ட படத்துக்காக ஆடி வரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு முன்பே வந்து, என் வீட்டுக்காரரோடு கடலுக்கும் போய்விட்டு வந்துவிட்டாள்.